பெருநாள்தோறும் துலக்கிய தோட்டாக்கூடுகள்

போன வாரம் பிஜு வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். பழைய பித்தளைத் தோட்டாக்கூடு ஒன்றை வெள்ளைத் துணியில் வைத்து சன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம். "அண்ணா, இது நல்லதா? மெஷின் நல்லதுன்னு சொல்லுது" என்று கீழே ஒரு வரி. பிஜு பாலக்காட்டுக்காரன். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் உட்கார்ந்தவன். அவனுக்கு இப்போது புது மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பொருளை உள்ளே வைத்தால் திரையில் கலர் கலராகப் படம் வந்து நல்லது கெட்டது சொல்லிவிடுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படத்தைப் பார்த்துப் பலன் சொல்ல நான் என்ன கிளி ஜோசியனா? கையில் எடுக்காமல், நகத்தால் சுண்டிப் பார்க்காமல், மோந்து பார்க்காமல் எதைச் சொல்வது? "மெஷினையே கேட்டுக்கோ" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. நானே போன் போட்டேன். வெகுநேரம் பேசினோம். கடைசியில் அவன், இதையெல்லாம் எழுதி வைத்தால் எங்களுக்கு உதவும் அண்ணா என்றான். ஷார்ஜாவில் மகன் வீட்டு ஏசி அறையில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் போடும் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு வேறென்ன வேலை? எழுதுகிறேன்.

புஜைராவுக்கு வெளியே மலை தொடங்குகிற இடத்தில் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று. அதன் பின்பக்கம் தடித்த சுவர் வைத்துக் கட்டிய சரக்கறைதான் என் டூட்டி. சுட வருகிறவர்களுக்குப் புதுத் தோட்டா எடுத்துக் கொடுப்பது பாதி வேலை. மீதி பாதிதான் வேலை என்று சொல்லத் தகுந்த வேலை. அந்த மலைப்பக்கத்து வீடுகளில் பாட்டன் காலத்துத் துப்பாக்கி இல்லாத வீடு அபூர்வம். அந்தக் காலத்தில் மலையில் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் சுட்ட பிறகு பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள். அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப்பு ஒன்றை அமுக்கி, உள்ளே வெடிமருந்து போட்டு, ஈயக்குண்டை நுனியில் செருகி மறுபடி சுடுவார்கள். ஒரே கூடு அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். பெரியவர் கண்ணை மூடியதும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி வெளியே வரும். உள்ளே காலிக் கூடு, கேப்பு டப்பா, மருந்து டின், ஈயக்கட்டி, குண்டு வார்க்கும் அச்சு எல்லாம் இருக்கும். பிள்ளைகளுக்கு அதைத் தொடவும் பயம், எறியவும் மனசு வராது. போலீஸ் அனுமதியோடு எங்களிடம் கொண்டுவருவார்கள். எது எந்தக் காலத்தது, எங்கே செய்தது, வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிட வேண்டுமா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்கு நான் வந்ததில் பெரிய கதை ஒன்றும் இல்லை. குடியாத்தம் பக்கத்து ஆள் நான். எங்கள் ஊர்ப் பையன்களைப் போல நானும் பட்டாளத்துக்குப் போனேன். வெடிபொருள் கிடங்கில் போட்டார்கள். ஹவில்தாராக வெளியே வந்தேன். ஏஜெண்ட் ஒருவன் செக்யூரிட்டி வேலை என்று சொல்லி அனுப்பினான். வந்து இறங்கிய பிறகு சங்கத்தில் என் பழைய சர்வீஸைப் பார்த்துவிட்டு, வாசலில் நிற்காதே, உள்ளே வா என்றார்கள். உள்ளே கேப்டன் இத்ரீஸ் உட்கார்ந்திருந்தார்.

கேப்டன் சூடான்காரர். அங்கே போலீஸில் இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர். நெடுநெடுவென்ற உயரம், தலையில் வெள்ளைவெளேரென்று தலைப்பாகை, நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்கோ பட்டாளத்துத் தொண்டை. நான் பேசினால் ரேஞ்சில் சுடுகிறவன் திரும்பிப் பார்ப்பான். முதல் நாளே என்னை உட்காரவைத்து, மருந்து இருக்கும் அறையில் மனிதன் மெதுவாகத்தான் பேச வேண்டும், சத்தம் போடுகிறவன் கையும் சத்தம் போடும் என்றார். அரபியும் ஹிந்தியும் பாதிப் பாதி கலந்து அவர் பேசும் ஹிந்தியைக் கேட்டால் வடநாட்டுக்காரன் அழுதுவிடுவான். எனக்கு மட்டும் முழுசாகப் புரியும்.

யாராவது வந்து யல்லா, சீக்கிரம் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினால் அவர் பதிலே சொல்ல மாட்டார். கிராம்பு போட்ட சுலைமானி வரவழைத்துக் கொடுப்பார். வந்தவர் எவ்வளவு பெரிய ஆளோ அவ்வளவு கொதிக்கக் கொதிக்க வரும். அது ஆறி அவர் குடித்து முடிப்பதற்குள் கோபம் இறங்கிவிடும். நான் எத்தனையோ ஆபீசர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். டீயைக் கொடுத்து ஆளை அடக்கிய ஆபீசர் அவர் ஒருவர்தான்.

வேலை செய்யும் முறையும் அவருடையதுதான். மேஜையில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். கையைக் கழுவ வேண்டும். மோதிரம், வாட்ச், போன் எல்லாம் வெளியே. அத்தர் பூசிக்கொண்டு வந்தால் அன்றைக்கு மேஜை கிடையாது. பெட்டி கொண்டுவந்தவரிடம் முதலில் அதன் கதையைக் கேட்க வேண்டும். மேஜைக்கு வந்ததும் அந்தக் கதையை மறந்துவிட வேண்டும். ஏனென்றால் எல்லாக் கதையிலும் அந்தத் தோட்டா ஏதோ ஒரு சண்டையில் ஜெயித்திருக்கும். எங்கள் எதிரே இருக்கும் பித்தளைக்கு அது தெரியாது.

பிறகு மூன்று மரத்தட்டு. ஒன்று உயிருள்ளதற்கு, ஒன்று நோயாளிக்கு, ஒன்று பிணத்துக்கு. இது அவர் வைத்த பெயர்: குறை இல்லாதது உயிர், குறை தொடங்கியது நோய், முற்றியது பிணம். எங்கள் அறையில் கேப்பு நோயாளி, மருந்து பிணம் என்றுதான் பேச்சு. வெளியிலிருந்து கேட்கிறவனுக்கு ஆஸ்பத்திரி என்று தோன்றும். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்காருவோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மூன்று தட்டு. முதலில் நான் ஒவ்வொன்றுக்கும் நம்பர் வைத்து, பார்த்துத் தட்டில் போட்டு, எந்த நம்பர் எந்தத் தட்டு என்று சிலேட்டில் குறித்துக் கவிழ்த்துவிடுவேன். பிறகு எல்லாம் அவர் மேஜைக்குப் போகும். அவர் முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, இருமக் கூடாது. முடித்ததும் ஒப்பிடுவோம். ஒருவர் உயிர் என்று சொல்லி இன்னொருவர் நோய் என்றால் அது நோய்தான். அவர் ஆபீசர் என்பதற்காக அவர் பேச்சு ஜெயிக்காது. இருவரில் அதிகம் பயந்தவர் பேச்சுதான் ஜெயிக்கும்.

என்ன பார்ப்போம் என்று பிஜு கேட்டான். கூட்டின் அடியில் வெட்டியிருக்கும் எழுத்து முதலில். எந்த நாட்டு ஆலை, ஏறத்தாழ எந்தக் காலம் என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் எழுத்தை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. பாகிஸ்தான் எல்லைப்புறப் பட்டறைகளில் நகல் செய்கிற ஆளுக்கு இங்கிலீஷ் எழுத்து வெறும் கோலம்தான். ஒரு தடவை மஸ்கட் சந்தையில் வாங்கியது என்று ஒருவர் பெருமையாகக் கொண்டுவந்தார். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நின்றது. அடுத்து கூட்டுக்குள் வெளிச்சம் விட்டு, தீ ஏறும் துளை ஒன்றா இரண்டா என்று பார்க்க வேண்டும். அதுவும் ஊரைச் சொல்லும். குண்டுக்குக் காந்தம், உள்ளே இரும்பு இருந்தால் ஒட்டும். மருந்துக்கு மூக்கு. நல்ல மருந்தில் ஸ்பிரிட் கலந்த மெல்லிய வாடை வரும். கெட்டுப்போனது மூக்கைக் குத்தும் புளிப்பு. டின் மூடியின் உட்பக்கம் துரு பூத்திருக்கும். அதைக் கண்டால் பேச்சே கிடையாது, அழிக்கும் குழிக்குத்தான்.

அந்த மூக்கையும் ஒரு வீட்டார் ஏமாற்றிவிட்டார்கள். வேண்டுமென்று இல்லை, பாவம். காலமான மனிதரின் பொருளை வெளியே அனுப்புகிறோம், மரியாதையாக அனுப்ப வேண்டும் என்று பெட்டியைத் திறந்துவைத்து ஊதுக்கட்டை புகை காட்டியிருக்கிறார்கள். அந்த ஊர் வழக்கம் அது. விருந்தாளிக்கும் காட்டுவார்கள், புதுத் துணிக்கும் காட்டுவார்கள். டின்னைத் திறந்தால் ஊது மணக்கிறது. ஆகா என்ன வாசம் என்று நான் ரசித்துக்கொண்டிருக்கும்போதே கேப்டன் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அடப்பாவிகளா, மருந்து டின்னைச் சுற்றி நெருப்புத் தணலை ஏந்திக்கொண்டு வலம் வந்திருக்கிறீர்களே! பெட்டியை வெளிக் கொட்டகையில் காற்றாட வைத்தோம். ஊது வாசம் அடங்கிய பிறகுதான் அடியிலிருந்து புளிப்பு வாடை எழுந்தது. அந்த வீட்டம்மா செய்தி கேட்டு எங்களுக்கு ஒரு தூக்கு நிறைய, கோதுமையும் கறியும் குழைத்த ஹரீஸ் அனுப்பினார். இப்போது நினைத்தாலும் நாக்கில் நெய் ஊறுகிறது.

இனி பிஜுவுக்குச் சொன்ன கேஸ். அந்தக் கூட்டின் படத்தைப் பார்த்ததும் என் மனசில் வந்து நின்றதும் இதுதான்.

ஹமத் என்பவர் வந்தார். அரசாங்க உத்தியோகம், நடு வயது, அமைதியான மனிதர். அவர் தகப்பனார் காலமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுச் சமையல்காரர் சிக்கந்தர் வந்தார். ஹமத் கேட்டது ஒன்றே ஒன்று. மருந்து, கேப்பு, ஈயம் எல்லாவற்றையும் எடுத்து அழித்துவிடுங்கள், எனக்கு வேண்டாம். இந்தக் காலிக் கூடுகளை மட்டும் பாருங்கள். அவர் மகனுக்குக் கல்யாணம். வீட்டில் பாட்டன் காலத்து மார்ட்டினி துப்பாக்கி ஒன்று உண்டு. பேரன் கல்யாணத்தில் முதல் வெடி என் கையால் கட்டிய கூட்டில்தான் வெடிக்க வேண்டும் என்று தகப்பனார் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்கென்று தேர்ந்தெடுத்துத் தனியாக வைத்த கூடுகள் இவை. குண்டு இல்லாமல் புது மருந்து மட்டும் போட்டு, சத்தத்துக்காக ஒரு வெடி. போலீஸ் சம்மதித்தாயிற்று. சங்கம் நல்லது என்று சொன்னால் போதும்.

எங்கள் வாப்பா கேட்டது இது ஒன்றுதான் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. கேப்டன் தலையாட்டினார். கதையைக் கேட்டாயிற்று.

அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, நானும் சிக்கந்தரும் வெளியே காஃப் மரத்து நிழலில் டீ குடித்தோம். தொண்டிக்காரர். தமிழ்க் குரல் கேட்டதும் மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். வாலிபத்தில் அந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தவர். பெரியவரைப் பாபா என்றுதான் சொன்னார். பாபாவுக்கு இவர் வைக்கும் மீன் சாலனா இல்லாமல் சோறு இறங்காதாம்.

"பாபா இருந்த வரைக்கும் எனக்கு ராசா வாழ்க்கைண்ணே. இப்ப சின்ன மேடம் பிலிப்பினி ஒண்ண வச்சிருக்காக. அது பாஸ்தா பண்ணுது, நான் வெங்காயம் உரிக்கிறேன். ஏதாச்சும் ஒரு தப்பு நடந்தாப் போதும், கலாஸ், விசாவக் கேன்சல் அடிச்சு அனுப்பிருவாக. ரெண்டாவது மகளுக்கு இன்னும் முடிக்கல. இந்த வயசுல அங்க போயி நான் யாரு வீட்டு அடுப்புல நிக்கிறது?"

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை நன்றாகப் பாருங்கள் அண்ணே, கூடெல்லாம் நகைக்கடை மாதிரி இருக்கும், நானே துலக்கிக் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. சரி பாய், பார்க்கிறோம் என்றேன். என் மண்டையில் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் வெள்ளைத் துணியில் கூடுகளை வரிசையாக நிறுத்தினேன். நிஜமாகவே நகைக்கடைதான். ஒரு பொட்டுக் களிம்பு இல்லை. பெரிய கூடுகள், தோளுக்கு மேல் ஒடுங்கி நீண்ட கழுத்து. அடி எழுத்து வெள்ளைக்காரன் காலத்து ஆலையைச் சொன்னது. அச்சு அசல், நகல் இல்லை. பெரியவர் கை வேலையும் தெரிந்தது. ஒவ்வொரு கழுத்தையும் ஒரே அளவுக்கு விரித்து, வாய் விளிம்பைத் தேய்த்து மழுக்கியிருந்தார். இன்றைக்கு மெஷின்காரன் செய்வதை அவர் மலைமேல் உட்கார்ந்து கையால் செய்திருக்கிறார். எனக்கு அந்த மனிதரைப் பார்த்திருக்கலாமே என்று ஏக்கமாக இருந்தது.

ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டினேன். நல்ல பித்தளைக் கூடு சின்ன மணி மாதிரி ஒலிக்கும். இது உடைந்த சட்டியைத் தட்டினதுபோல் தொப்பென்றது. அடுத்ததும் அப்படியே. பூதக்கண்ணாடியைக் கழுத்துக்குக் கொண்டுபோனேன். மேலிருந்து கீழாக மயிரிழை மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. வெறுங்கண்ணுக்குத் தெரியாத விரிசல். மினுமினுப்பே அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை நோயாளித் தட்டுக்குப் போயின. சிலது பிணம். ஒரே ஒரு கூடு மட்டும் மணி மாதிரி ஒலித்தது. கண்ணாடியில் பார்த்தேன், கோடு இல்லை. அதை உயிர் என்று போட்டேன். மெனக்கெட்டுத் தேடியும் குறை கிடைக்கவில்லையே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முதல் வெடிக்கு ஒன்று போதுமே.

கேப்டன் முடிக்க நேரமாயிற்று. சிலேட்டைத் திருப்பி ஒப்பிட்டோம். எல்லாம் ஒத்துப்போனது, அந்த ஒன்றைத் தவிர. அவர் அதை நோய் என்று போட்டிருந்தார். நான் வாதாடினேன். வெறும் சத்தத்துக்குத்தானே சாப், குண்டு இல்லை, மருந்தும் கொஞ்சம்தான் என்றேன். அவர் கூட்டின் வாயைச் சாய்த்து உள்ளே வெளிச்சத்தை விட்டார். கழுத்தின் உட்புறத்தில் ஒரு கோடு தொடங்கியிருந்தது. வெளியே வர அதற்கு இன்னும் நாள் ஆகும், அவ்வளவுதான். சுடுகிறவன் கன்னம் துப்பாக்கியின் மேலே இருக்கும் ஹவில்தார் என்றார். நான் சிலேட்டில் உயிர் என்பதை அழித்து நோய் என்று எழுதினேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்பது அடுத்த கேள்வி. கேப்டன் கூடுகளைச் சுற்றிவந்த துணியை எடுத்து என் பக்கம் நீட்டினார். மோந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. காவா என்கிற அரபிக் காப்பி ஊற்றும் கெண்டியைத் துலக்கும் பித்தளைப் பாலிஷ். அதில் நவச்சாரத்தின் ஆவி, அதாவது அமோனியா இருக்கும், மூக்கை அரிக்கும். பட்டாளத்தில் எங்கள் உஸ்தாத் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டாக் கிடங்கைக் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் கட்டினார்களாம். மழைக்காலம் வந்தால் போதும், பெட்டிக்குள் சும்மா கிடந்த தோட்டாக் கழுத்தெல்லாம் தானாக விரிசல் விடும். காரணம் குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அதே ஆவி. பித்தளையை அழுத்தி இழுத்துச் செய்யும்போதே அதற்குள் ஒரு இறுக்கம் இருக்கும். அந்த ஆவி பட்டால் இறுக்கம் விரிசலாக வெளியே வந்துவிடும். உஸ்தாத் இதைச் சொன்னபோது நாங்கள் குதிரையை நினைத்துச் சிரித்தோம்.

துலக்கியது யார் என்று எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருக்கிறாரே. வெங்காயம் உரித்துக்கொண்டு, என்றைக்குக் கேன்சல் அடிப்பார்களோ என்று பயந்துகொண்டிருக்கிற மனிதர். நான் கேப்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழசாகிப் போனதால் விரிசல் விட்டது என்று சொல்லிவிடலாம் சாப், அதில் பாதி உண்மைதானே, ஒரு மனிதன் பிழைப்பு இருக்கிறது என்று கெஞ்சினேன். கெஞ்சுவது என் சுபாவம் இல்லை. அன்றைக்குக் கெஞ்சினேன்.

அவர் சுலைமானியைக் கீழே வைத்தார். பிறகு, "வயசுன்னு சொல்லி அனுப்பினா, ஹமத் சித்தப்பன் வீட்டில் இருக்கிற கூட்டையும் துலக்கிக்கிட்டே இருப்பாங்க. அதை யாராவது ஒரு கல்யாணத்தில் சுடுவாங்க. பித்தளைக்கு என்ன ஆச்சுன்னு நான் சொல்லித்தான் ஆகணும். யார் கைன்னு சொல்ல மாட்டேன். அது பித்தளையில் எழுதியிருக்கலை" என்றார். அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்ததால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஹமத் வந்தார். இந்தத் தடவையும் சிக்கந்தர்தான் வண்டியிலிருந்து பேரீச்சம்பழத் தட்டை எடுத்துவந்தார். வைத்துவிட்டு வெளியே போயிருக்கலாம். முடிவைக் கேட்கும் ஆசையில் கதவோரம் நின்றுவிட்டார். கேப்டன் மெதுவான குரலில் சொன்னார். ஒரு கூடும் தேறவில்லை. ஒவ்வொன்றின் கோட்டையும் பூதக்கண்ணாடியில் காட்டினார். நவச்சார ஆவி உள்ள பாலிஷால் திரும்பத் திரும்பத் துலக்கியதால் வந்தது இது, உங்கள் சொந்தக்காரர் வீடுகளிலும் சொல்லிவையுங்கள், பித்தளைக் கூட்டைப் பாலிஷ் போடவே கூடாது என்றார்.

ஹமத் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். முகம் கல்லாகிவிட்டது. யார் துலக்கியது என்று கேட்டார். கேப்டன் அவருக்குச் சுலைமானி ஊற்றினார். நான் கதவைப் பார்த்தேன். சிக்கந்தருக்கு அரபி நன்றாகவே புரியும். வாயைத் திறக்காதே என்று நான் தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டடி முன்னால் வந்து கையைக் கட்டி நின்றார்.

அடுப்படி அரபியில், முதலாளியை அர்பாப் என்று அழைத்து அவர் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். "நாந்தேன் அர்பாப். பெருநா தவறாமத் துலக்குவேன். பாபா காலையில தொழுதுட்டு வந்து உக்காந்து, பெட்டியக் கொண்டான்னு சொல்வாக. ஒவ்வொண்ணாக் கையில வாங்கி, சிக்கந்தர், பளபளன்னு இருக்கான்னு கேப்பாக."

ஹமத் எழுந்துவிட்டார். கோபத்தில் எழுந்தார் என்றுதான் நினைத்தேன். கடைசிக் காலத்தில் வாப்பாவுக்குச் சுத்தமாகக் கண் தெரியாது, உனக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றார் சிக்கந்தர். வருஷக்கணக்கில் அவருக்குக் கண்ணே தெரியாது என்றார் ஹமத். தெரியும் அர்பாப் என்றார் மறுபடி. அப்புறம் எதற்குத் துலக்கினாய், பளபளக்கிறது என்று வாயால் சொல்லியிருந்தால் போதாதா, அவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்று ஹமத் கேட்டார்.

சிக்கந்தர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கண்ணு தெரியாத மனுசன்கிட்ட பொய் சொல்றது ரொம்ப லேசு அர்பாப். அதனாலேதேன் சொல்ல முடியல."

பழசாகிப் போனது என்று ஒரு பொய்யை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு, சிக்கந்தரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கேப்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹமத் போய்ச் சன்னல் பக்கம் நின்றார். தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மலையைப் பார்த்தபடியே, அந்தக் கூடுகளை வீட்டில் வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டார்.

நோயாளித் தட்டுக்குப் போன பொருளை கேப்டன் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒவ்வொரு கூட்டின் விலாவிலும் துளை போடச் சொன்னார். துளை போட்டுவிட்டால் அது இனி எந்தத் துப்பாக்கிக்கும் ஆகாது, வெறும் பித்தளை. நானே உட்கார்ந்து போட்டேன். கூட்டிலிருந்து பித்தளைச் சுருள் சுழன்று விழுந்தது. பெரியவர் கையால் செய்ததைத் துளைக்கிறோமே என்று மனசு என்னவோபோல் இருந்தது.

கல்யாணத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தார்கள். கேப்டன் இஸ்திரி போட்ட வெள்ளை ஜலாபியாவில் மாப்பிள்ளையைவிட எடுப்பாக இருந்தார். ஆண்கள் எதிரெதிர் வரிசையாக நின்று ஆடினார்கள். சங்கத்திலிருந்து நான் கொண்டுபோன புதுத் தோட்டா, குண்டில்லாதது, அதைத்தான் ஹமத் மார்ட்டினியில் போட்டார். முதல் வெடி மலையில் மோதித் திரும்பியது. பெண்கள் பக்கத்தில் குலவை எழுந்தது. அது வாப்பாவின் கூடு இல்லை என்பது எங்கள் நால்வரைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் ஹமத்தின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் துப்பாக்கியின் நெம்புகோலை இறக்கினார். காலிக் கூடு புகையோடு மணலில் விழுந்தது. குனிந்து அவரே எடுத்தார். யாரையோ தேடினார். பந்தல் ஓரத்தில் சோற்றுத் தாம்பாளத்தோடு நின்ற சிக்கந்தரைக் கண்டதும் நேரே அங்கே போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தாம்பாளத்தைக் கீழே வைக்கச் சொல்லி, சூடு ஆறாத கூட்டை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். வாப்பாவின் பெட்டியில் மற்றதோடு இதையும் வை, இனி இதையெல்லாம் யாரும் சுடப்போவதில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் துலக்கு என்றார்.

சிக்கந்தர் தலையாட்டினார். ஹமத் திரும்பி இரண்டடி நடந்தவர் மறுபடி நின்றார்.

"பெருநாள் காலையில தொழுதுட்டு வந்து உட்காருவேன். பளபளன்னு இருக்கான்னு கேட்பேன்" என்றார்.